74 சென்டிமீட்டர் காலுக்கு ஒரு 650 வண்டி

பெரிய டூரிங் வண்டி ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் பெங்களூரில் இருக்கும் மகன் கேட்டது, "எத்தனை சிசிப்பா?" இருபது வருஷமாக என் புல்லட்டைப் பார்த்துவரும் மெக்கானிக் கேட்டது, "சீட்டு எத்தனை உயரமுங்ணா?" இரண்டாவதுதான் சரியான கேள்வி என்று எனக்கு உறைக்க நாலு ஷோரூம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. வண்டி ஒருமுறை வாசலில் விழவும் வேண்டியிருந்தது.

வயது 62. கோவையில் ஒரு நூற்பாலையில் 34 வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். உயரம் 5 அடி 5 அங்குலம். இடது முழங்காலில் ஜவ்வுத் தேய்மானம், வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தாயிற்று, பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை. கையில் இருந்தது 1987 புல்லட் 350, உதைத்துக் கிளப்பும் வண்டி. முழங்காலைப் பார்த்த டாக்டர், "இனிமே உதைக்கிற வண்டி வேண்டாம்" என்றார். உதைக்காத வண்டியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

லைசென்ஸும் அதே மாதம் புதுப்பிக்க வந்தது. 55 தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷம்தான் போட்டுத் தருகிறார்கள். படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேறு வேண்டும். அடுத்த தடவை 67. ஆக, இந்த வண்டிக்கு ஐந்து வருஷ வேலை உறுதி என்று வீட்டில் கணக்குக் காட்டினேன்.

அளவெடுத்தது

சுவரில் முதுகைச் சாய்த்து, வெறுங்காலோடு நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சைக்கிள் சீட்டு மாதிரி மேலே தூக்கி வைத்து, அதன் மேல்விளிம்பில் சுவரில் பென்சில் கோடு போட்டேன். தரையிலிருந்து 74 செ.மீ. பேன்ட் தைக்கக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. வண்டிக்கு இதுதான் வேண்டும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்குகிறது. கவாஸாகி வெர்ஸிஸ் 650-ன் சீட்டு 845 மி.மீ. ஏறி உட்கார்ந்தால் பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. பரதநாட்டியம் ஆடுகிற மாதிரி இருந்தது. ஹிமாலயன் 450 எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி. 196 கிலோதான், 17 லிட்டர் டேங்க், நிமிர்ந்து உட்காரும் வாகு, முதுகுக்கு இதமான சஸ்பென்ஷன். ஆனால் 825 மி.மீ. இறங்கி ஏறுவதற்குள் முழங்கால் முறையிட்டது. இன்டர்செப்டர் 650 சுமார் 804. ஒரு கால் முழுசாக ஊன்றும், இரண்டு கால் ஊன்றாது. ஆசைக்கு ஹோண்டா கோல்டு விங்கையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். எடை 400 கிலோவை ஒட்டி வரும் என்பதால் ரிவர்ஸ் வசதியே அதில் இருக்கிறது. விலையைக் கேட்டதும் நானே ரிவர்ஸில் வெளியே வந்துவிட்டேன்.

மிச்சம் நின்றது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650. சீட்டு 740 மி.மீ. என் காலும் அதே 740! எடை 241 கிலோ, அந்த வரிசையில் எனக்கு எட்டக்கூடிய விலையில் இருந்ததில் அதுதான் கனம். தாங்கிப் பிடிப்பதற்கோ அதுதான் சுலபம். எடை தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, எனக்கும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். 196 கிலோ வண்டியை நுனிக்காலில் பிடிப்பதைவிட 241 கிலோவை முழுப்பாதத்தில் பிடிப்பது எளிது என்பதை விளம்பரத்தாளில் யாரும் போடுவதில்லை.

ஷோரூம் பையன்கள் டெஸ்ட் ரைடு என்றால் நாலு வழிச்சாலையில் விரட்டிக் காட்டத்தான் பார்க்கிறார்கள். ஓடும்போது எந்த வண்டியும் கனக்காது. நான் பார்த்தது வேறு. பத்து தடவை ஏறி, பத்து தடவை இறங்கினேன். உட்கார்ந்தபடியே காலால் உந்தி, பார்க்கிங்கிலிருந்து பின்பக்கமாக வெளியே எடுத்தேன். இருபதடி ரோட்டில் கால் ஊன்றாமல் திரும்ப முடிகிறதா என்று பார்த்தேன். கடைசியாக, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்று, ஹேண்டிலைப் பிடித்துப் பத்தடி தள்ளினேன். "வாங்கறவங்க யாருமே இப்படிப் பார்க்க மாட்டாங்க சார்" என்றான் பையன். அவனுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும்.

இந்த வண்டி வந்தது 2023 ஜனவரியில், அப்போது ஷோரூம் விலை 3.49 லட்சத்தில் தொடங்கியது. நான் எடுத்தது அதே வருஷத்து வண்டி, ஒரே கை, 9,000 கிலோமீட்டர் ஓடியது. வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, வங்கிக் கடன் தீர்ந்த கடிதம், இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றம் எல்லாம் வழக்கமான அலைச்சல்தான்.

குறையும் தெரிந்தேதான் வாங்கினேன். க்ரூஸர் வகை என்பதால் கால் முன்னால் போய்விடும், உடம்பின் பாரம் முழுக்க வாலெலும்பில் இறங்கும். பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரம் 101 மி.மீ.தான், பள்ளத்தை முழங்காலை மடக்கி எழுந்து சமாளிக்க வழியில்லை. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 135 மி.மீ. நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது எந்த மூலைக்கு?

பழைய கால்

எந்த உபகரணமும் மாட்டுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியிருந்தது என் கால்களைத்தான். 1987 புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முப்பத்து சொச்ச வருஷம் அப்படியே ஓட்டியாயிற்று. புது வண்டியில் தலைகீழ். முதல் வாரம் ஒண்டிப்புதூர் பக்கம் முன்னால் போன ஆட்டோ கை காட்டாமல் நின்றது. மூளை "பிரேக்" என்றது, இடது கால் ஓங்கி மிதித்தது. மிதித்தது கியர் லீவரை. வண்டி ஒரு கியர் இறங்கி உறுமிக்கொண்டு குலுங்கியது. வலது கை முன்பிரேக்கைப் பிடித்ததால் ஆட்டோவின் பின்பக்கம் தப்பியது. 320 மி.மீ. டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டுக்கும் அன்றைக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில், காலி மைதானத்தில் ஒரே வேலை. முப்பதில் போய் நிறுத்துவது, நாற்பதில் போய் நிறுத்துவது. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு "வலது கால்" என்று சொல்லிக்கொண்டே மிதிப்பேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். நூறு தடவைக்கு மேல் ஆன பிறகுதான் கால் யோசிக்காமல் போக ஆரம்பித்தது. அதுவரை மனைவியைப் பின்னால் ஏற்றவில்லை.

ஹேண்டில்

கை எட்டாமல் இல்லை, ஆனால் தோள் லேசாக முன்னால் இழுபட்டது. ஒரு மணி நேரத்தில் கழுத்தடியில் வலி. ஒரு அங்குலம் உயர்த்தி, ஒரு அங்குலம் பின்னால் கொண்டுவரும் அலுமினிய ரைசர் வாங்கி நானே மாட்டினேன். டேங்க் மேல் கனமான போர்வை விரித்துக்கொள்ளுங்கள். நான் விரிக்காததால் ஸ்பேனர் விழுந்த தழும்பு ஒன்று நிரந்தரமாகிவிட்டது.

மாட்டியதும் ஓட்டக் கிளம்பாதீர்கள். வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடது கோடி வரை, வலது கோடி வரை மெதுவாகத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு இடது கோடியில் இஞ்சின் சத்தம் லேசாக ஏறியது. ஹேண்டில் உயர்ந்ததால் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர்) கேபிள் இழுபடுகிறது. இதை விட்டுவிட்டால், ரோட்டில் முழு யூ-டர்ன் எடுக்கும் நேரத்தில் வண்டி தானே வேகம் எடுக்கும். கேபிளைக் கட்டியிருந்த கிளிப்பை அவிழ்த்து வேறு வழியாக விட்டதில் சரியாயிற்று. பிரேக் ஹோஸ் எங்கேயும் விறைக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். க்ளட்ச், பிரேக் லீவர்கள் இரண்டையும் விரலுக்குக் கிட்டே கொண்டுவரும் திருகு வண்டியிலேயே இருக்கிறது. காலையில் விரல் மடங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

சீட்டு, இரண்டு தடவை

முதல் தடவை ஏமாந்தேன். "மெத்துமெத்துன்னு பண்ணிக் குடுங்க" என்று நானே கேட்டேன், கடைக்காரர் இரண்டு அங்குல மெத்தை ஃபோமை மேலே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். கடை வாசலில் சோபா மாதிரி இருந்தது. பல்லடம் போவதற்குள் ஃபோம் அமுங்கி, பழைய சீட்டின் கட்டாந்தரை கீழே தட்டியது. அதைவிட மோசம், உயரம் ஏறிவிட்டது. எந்த 740-க்காக இந்த வண்டியை வாங்கினேனோ, அதையே என் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுப் போனேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து, வரிவரியாக உள்ளே மடிப்பு இருக்குமே, அந்த அட்டையைப் படிக்கட்டில் வைத்து அதன்மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் இரண்டு குழி. உட்காரும் எலும்பு இரண்டும் அமுங்கிய இடம். குழிக்குக் குழி 12 செ.மீ. அந்த அட்டையையே சீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வேறொரு கடை, வயசான மனுஷர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசத்துல முதுகுக்கு அளவு கொண்டாந்தவங்க உண்டு, இதுக்கு அளவு கொண்டாந்தது நீங்கதான்" என்று சிரித்தார்.

அவர் செய்தது இது. பழைய ஃபோமை எடுக்கவில்லை. இரண்டு குழி வரும் இடத்தில் மட்டும் ஹாக்ஸா பிளேடைத் தீட்டிய கத்தியால் ஓர் அங்குல ஆழம் வெட்டி, அங்கே கெட்டியான ரீபாண்டட் ஃபோம் பதித்தார். துண்டு துண்டாக வெவ்வேறு நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான். வாலெலும்பு வரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம். சீட்டின் முன்பகுதி சரிவாக இருந்து என்னை டேங்கை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது, அதைச் சமமாக்கினார். டேங்கை ஒட்டிய இரு பக்க விளிம்பையும் கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் போட்டு ராவி ஒடுக்கினார். கடைசி வேலைதான் முக்கியம். தொடை விரிவது குறைந்ததால், மேலே அரை அங்குலம் ஏறியும் பாதம் முன்னைவிட நன்றாக ஊன்றுகிறது. சீட்டு உயரம் என்று எழுதியிருக்கும் எண் பாதிதான். சீட்டின் அகலம் மீதிப் பாதி.

இப்போது ஒரு மூச்சில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் உட்கார முடிகிறது. அதற்குமேல் சீட்டு தாங்கினாலும் வேறொன்று தாங்காது. அறுபது தாண்டிய ஆண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விழுந்த கதை

டூரிங் என்றால் பின்சீட்டுக்குப் பின்னால் டாப் பாக்ஸ் என்று எல்லாரும் மாட்டுகிறார்களே என்று நானும் 45 லிட்டர் பெட்டி ஒன்றை மாட்டினேன். மறுநாள் காலை வாசலில் வழக்கம்போல இடது பக்கம் நின்று வலது காலைத் தூக்கிப் போட்டேன். பூட்ஸ் கால் பெட்டியில் முட்டி நின்றது. ஒற்றைக் காலில், முழங்கால் ஜவ்வு தேய்ந்த அந்தக் காலில், தடுமாறி ஹேண்டிலின் மேலேயே சாய்ந்து தள்ளிவிட்டேன். வண்டி நிமிர்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி, வலப்பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. நிறுத்த முயலவில்லை. 241 கிலோவை ஒரு கையால் பிடிக்கப் போனால் தோள்தான் போகும். விட்டுவிட்டு விலகினேன்.

மனைவி ஓடிவந்து, "ஏனுங்க, தொடாதீங்க, பக்கத்து வீட்டுத் தம்பி வரட்டும்" என்றாள். நியாயம்தான். ஆனால் தனியாகப் போகும் இடத்தில் எந்தத் தம்பி வருவான் என்று அவளை நிறுத்தி வைத்துவிட்டு முறைப்படி தூக்கிப் பார்த்தேன். சாவியை அணைத்தேன். வண்டி வலப்பக்கம் கிடந்ததால் கியர் லீவர் மேலே இருந்தது, கையால் முதல் கியரில் போட்டேன், உருளாது. சைடு ஸ்டாண்டு ஏற்கெனவே நீட்டியபடி இருந்தது. இல்லாவிட்டால் முதலில் அதை நீட்ட வேண்டும். மறந்தால் நிமிர்த்திய வேகத்தில் வண்டி அந்தப் பக்கம் விழும். ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, பிட்டத்தைச் சீட்டில் அண்டக் கொடுத்து உட்கார்ந்தேன். இடது கை ஹேண்டில் பிடியில், வலது கை பின்பக்கச் சட்டத்தில். முதுகு நேர், கண் எதிரே. கையால் தூக்காமல் காலால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடந்தேன். கிராஷ் கார்டு (இஞ்சினைக் காக்கும் இரும்புக் கம்பி) இருந்ததால் வண்டி முழுசாகப் படுக்காமல் பாதிச் சாய்வில்தான் கிடந்தது, அதனால் முடிந்தது. கார்டு இல்லாவிட்டால் நான் தூக்கியிருக்க மாட்டேன். கார்டில் ஒரு சிராய்ப்பு, லீவர் நுனியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

பெட்டியை அன்றைக்கே கழற்றினேன். பதிலுக்கு இரண்டு பக்கமும் துணிப் பைகள், பக்கத்துக்கு 14 லிட்டர். அதிலும் ஒரு சிக்கல். மனைவி ஏறும்போது பின் ஃபுட் பெக்கில் காலை வைத்து எம்பித்தான் உட்காருவாள், பையின் முன்முனை அவள் கணுக்காலை இடித்தது. தாங்கியை நாலு அங்குலம் பின்னுக்குத் தள்ளி புதிதாக ஓட்டை போட்டேன். ஸ்பேனர், பஞ்சர் பிளக், 12 வோல்ட் காற்றுப் பம்பு எல்லாம் பையின் அடியில். ட்யூப்லெஸ் டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றும் வேலை இல்லை. இந்த வயசில் அதற்காகவே அலாய் சக்கரம் உள்ள வண்டியைத் தேடலாம்.

மஞ்சள் விளக்கு

இரவில் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணில் எதிர்வண்டியின் எல்இடி வெளிச்சம் சிலந்தி வலையாக விரிகிறது. ஆனால் மலையில் பகலிலேயே மஞ்சு இறங்கும். அதற்காக 20 வாட் மஞ்சள் விளக்கு இரண்டு. மொத்தம் 40 வாட், 12 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் சொச்சம். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து விளக்குக்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக 86-க்கு, 85 எர்த்துக்கு. மில்லில் ஆயிரம் ரிலே பார்த்தவனுக்கு இது விளையாட்டு என்று நினைத்தேன்.

மாட்டிய மறுநாள் குலுங்கும்போதெல்லாம் விளக்கு மினுக்கியது. மல்டிமீட்டர் எடுத்தேன். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். விளக்கின் முனையில் 11.4. நடுவில் 2.7 எங்கே போயிற்று? ப்ளஸ் பக்கம் அளந்தால் 0.2 மட்டும் இழப்பு. விளக்கின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வைத்தால் 2.5. எர்த் ஒயரின் முனை வளையத்தை நான் முறுக்கியிருந்தது சட்டத்தில் பெயின்ட் மேலேயே. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ தொட்டுக்கொண்டிருந்தது. 34 வருஷம் ஜூனியர் பையன்களை இதே தப்புக்குத் திட்டியவன் நான். மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. அந்த எர்த்தையே விட்டுவிட்டு, தனி ஒயர் இழுத்துப் பேட்டரி மைனஸில் சேர்த்தேன். இழப்பு 0.1-க்குக் கீழே.

சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஐந்து செ.மீ. தாழ்ந்து விழும்படி திருகினேன். என் கண்ணைக் கூசவைப்பது இன்னொருத்தர் கண்ணையும் கூசவைக்கும் அல்லவா.

விண்ட்ஷீல்டு பற்றி ஒரு வரி: அதன் மேல்விளிம்பு மூக்கு நுனி மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டும், அதன் வழியாகப் பார்த்து அல்ல.

ஆழியாறுக்கு மேலே

எல்லாம் முடிந்து, மனைவியோடு முதல் பயணம் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து அறுபத்து சொச்சம் கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பேர் என்பதால் பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) கூட்டி வைத்துக்கொண்டேன். அப்படியும் ஆனைமலைப் பக்கம் ஒரு வேகத்தடையில் அடிவயிறு உரசிய சத்தம் கேட்டது. "என்னங்க அது?" என்றாள். "ஒண்ணுமில்ல, கல்லு" என்றேன்.

வளைவுகளில் இரண்டாவது கியர், பார்வை திருப்பத்தின் வெளிவாசலில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி. வலது காலால்தான். மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவேன். சரிவில் நிற்க இரண்டு பாதமும் ஊன்றுகிறது என்ற தைரியம் இல்லாவிட்டால் இதைச் செய்ய முடியாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. முதலில் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தப் போனவன், சட்டென்று நினைவு வந்து மாற்றினேன். அப்படி நிறுத்தினால் திரும்பக் கிளம்ப 241 கிலோவை மேட்டில் பின்பக்கமாக உந்த வேண்டும். மூக்கு மேட்டைப் பார்க்க, முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் விட்டேன். கீழே ஆழியாறு அணை தெரிந்தது. வரையாடு ஒன்று தடுப்புச் சுவரில் நின்று எங்களைவிட வண்டியைத்தான் அதிகம் பார்த்தது.

டீ குடித்துவிட்டுத் திரும்பினால் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. சைடு ஸ்டாண்டின் சின்னப் பாதம் ஓர மண்ணில் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. இன்னும் அரை மணி போயிருந்தால் மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருந்திருக்கும், இந்த முறை இடப்பக்கம், சைடு ஸ்டாண்டு உதவாத பக்கம். கிடந்த பலகைத் துண்டு ஒன்றை அண்டக் கொடுத்து நிமிர்த்தினோம்.

ஐந்து மி.மீ. அலுமினியத் தகடு வாங்கியாயிற்று. ஸ்டாண்டுப் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, சுற்றிலும் இரண்டு செ.மீ. கூட்டி வெட்டியும் வைத்துவிட்டேன். நாலு ஓட்டை போட்டு மாட்ட வேண்டும். டிரில் பிட் மழுங்கிக் கிடக்கிறது, நாளைக்குத்தான் வாங்க வேண்டும்.